செல்போனில் டாக்டர்: எதற்கு உதவும், எதற்கு உதவாது?

சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் விவசாயி, ரத்தப் பரிசோதனைச் சீட்டை டாக்டரிடம் காட்ட வேண்டுமென்றால் ஒரு நாள் வேலை கெடுகிறது. பஸ் செலவு, கூலி இழப்பு, வீட்டில் மாட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். டாக்டர் பார்ப்பதோ ஐந்து நிமிடம். இந்த அலைச்சலைக் குறைக்க வந்ததுதான் தொலை மருத்துவம்.

மத்திய அரசின் 'இ-சஞ்சீவனி' சேவை 2019-ல் தொடங்கியது. கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரலில், வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசும் வசதியும் வந்தது. கட்டணம் இல்லை. செல்போன் எண்ணைப் பதிந்து டோக்கன் எடுத்தால், வரிசைப்படி டாக்டர் வீடியோவில் பேசுவார். மருந்துச் சீட்டும் செல்போனிலேயே கிடைக்கும்.

ஆனால், இலைப்புள்ளியைப் போட்டோவில் பார்த்துச் சொல்லிவிடலாம். செடியைப் பிடுங்கி வேரைப் பார்க்காமல் வாடல் நோயைச் சொல்வது கடினம். மருத்துவமும் அப்படித்தான். வயிற்றை அமுக்கிப் பார்க்கவும், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கவும் திரையால் முடியாது. சிக்னல் கிடைக்காத ஊர்களும், பட்டன் போன் மட்டுமே வைத்திருக்கும் பெரியவர்களும் வேறு இருக்கிறார்கள்.

எனவே, நோயாளியின் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் இருப்பதே முக்கியம். அரவிந்த் கண் மருத்துவமனை 2004-ல் தேனி மாவட்டத்தில் தொடங்கிய கிராமக் கண் பரிசோதனை மையங்கள் இதற்கு நல்ல உதாரணம். அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் கருவி வைத்துக் கண்ணைப் பரிசோதிப்பார். நகரத்து டாக்டர் அதைக் கேட்டு, நோயாளியிடம் வீடியோவில் பேசுவார். அறுவைச் சிகிச்சை போன்ற தேவை உள்ளவர்கள் மட்டும் பெரிய மருத்துவமனைக்குப் போனால் போதும்.

இ-சஞ்சீவனியிலும் இப்படி ஒரு வழி உண்டு. துணை சுகாதார நிலையத்துக்குப் போனால், அங்குள்ள செவிலியர் ரத்த அழுத்தம், சர்க்கரை அளவைப் பார்த்து, டாக்டருடன் இணைத்துவிடுவார். செல்போன் பழக்கம் இல்லாதவர்களுக்கு இதுவே ஏற்றது.

பேசுவதற்கு முன்: பழைய சீட்டுகள், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, ஒவ்வாத மருந்தின் பெயர் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போதை தரும் சில மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதித்தர 2020-ம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டுதல் அனுமதிக்கவில்லை. "நேரில் வாருங்கள்" என்று டாக்டர் சொன்னால் தட்டிக்கழிக்கிறார் என்று எண்ண வேண்டாம்.

வீடியோவுக்குக் காத்திருக்கக் கூடாதவை: பாம்புக்கடி, பூச்சிமருந்து நஞ்சு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பிரசவ வலி. உடனே 108-ஐ அழையுங்கள். பாம்பு கடித்த இடத்தை இறுக்கிக் கட்டவோ கீறவோ கூடாது. பூச்சிமருந்து குடித்தவருக்கு உப்புக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மருந்து டப்பாவைக் கூடவே எடுத்துச் செல்லுங்கள். கடன், மகசூல் இழப்பால் மனம் உடைந்தவர்கள் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தில் இணைய இணைப்பும் கருவிகளும் வேலை செய்கின்றனவா? அடுத்த கிராம சபையில் கேளுங்கள். இந்த வசதி ஊருக்குப் பயன்படுவது அதில்தான் இருக்கிறது.