பாட்டுக்கு உரியவர் யார்?

நுழையும்முன்

பேருந்திலும் தேநீர்க்கடையிலும் கைப்பேசியிலும் நாள்தோறும் பாடல்களைக் கேட்கிறோம். ஒரு பாடல் ஒலிக்கும்போது அதற்குரிய பணம் எங்கிருந்து புறப்படுகிறது, யாரைச் சென்றடைகிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. பாடலை இயற்றியவரும் இசையமைத்தவரும் பாடியவரும் தம் உழைப்பின் பயனைப் பெறச் சட்டம் வகுத்துள்ள வழியையும், அவ்வழி உருவான வரலாற்றையும் விளக்குகிறது இவ்வுரைநடை.

பரிசிலும் இசைத்தட்டும்

சங்க காலத்துப் பாணரும் பொருநரும் விறலியரும் மன்னர்முன் பாடிப் பரிசில் பெற்றனர். கேட்பவரும் கொடுப்பவரும் ஒருவரே. பாட்டு அந்த அவையிலேயே காற்றோடு கலந்துவிடும். மீண்டும் கேட்க வேண்டுமெனில் பாணர் மீண்டும் வரவேண்டும். எனவே ஒருமுறை பாடியதற்கு ஒருமுறை பரிசில் என்பது பொருத்தமாகவே இருந்தது.

இந்த நிலையை மாற்றியது ஒலிப்பதிவு. 1902ஆம் ஆண்டு கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானின் குரல் இசைத்தட்டில் பதிவானது. இந்தியாவின் தொடக்ககால இசைத்தட்டுகளுள் அதுவும் ஒன்று. குரல் முதன்முறையாகப் பாடகரைவிட்டுப் பிரிந்து தனியே பயணம் செய்தது. பாடியது ஒருமுறை, கேட்பதோ பல்லாயிரம் முறை. அந்தப் பல்லாயிரம் முறைக்கும் சேர்த்து ஒரே கூலி போதுமா என்னும் வினா அப்போது பிறந்தது.

பாரதியின் பாடல்கள்

இவ்வினாவைத் தமிழகம் பாரதியார் வழியாகவே எதிர்கொண்டது. 1921இல் பாரதியார் மறைந்தார். வறுமையில் வாடிய அவருடைய குடும்பத்தாரிடமிருந்து நூல்களின் உரிமை பிறரிடம் சென்றது. பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை தனியே பிரிந்து ஓர் இசைத்தட்டு வணிக நிறுவனத்தின் கைக்குப் போனது. பின்னர் அதனை விலைகொடுத்து வாங்கினார் திரைப்படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பன். 1947இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ திரைப்படத்தில் டி.கே. பட்டம்மாளின் குரலில் பாரதியின் பாடல்கள் தமிழகமெங்கும் ஒலித்தன.

நாட்டு விடுதலையைப் பாடிய கவிஞரின் பாட்டு ஒருவர் உடைமையாக இருப்பது தகுமா என எழுத்தாளர்களும் கலைஞர்களும் கேட்டனர். மெய்யப்பன் தம்மிடமிருந்த உரிமையைப் பணம் பெறாமல் அரசுக்கு வழங்கினார். 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் படைப்புகளுக்கான உரிமையைப் பெற்றது. பின்னர் அவை மக்களின் பொதுச்சொத்தாயின.

பாட்டு என்பது நிலம்போல விற்கவும் வாங்கவும் கூடிய உடைமை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. அவ்வுடைமையின் பயன், படைத்தவரின் குடும்பத்தைவிட்டு எவ்வளவு எளிதில் அகன்றுவிடும் என்பதையும் காட்டுகிறது.

ஒரு பாடல், பல உரிமைகள்

நமக்கு ஒன்றாகக் கேட்கும் பாடல், சட்டத்தின் பார்வையில் ஒன்றன்று. பாடல் வரிகள் இலக்கியப் படைப்பு. அதன் உரிமை பாடலாசிரியரிடம் தோன்றுகிறது. மெட்டு இசைப் படைப்பு. அதன் உரிமை இசையமைப்பாளரிடம் தோன்றுகிறது. பதிவு செய்யப்பட்ட ஒலி மூன்றாவது படைப்பு. பொருட்செலவு செய்து அதனை உருவாக்கிய நிறுவனமோ தயாரிப்பாளரோ அதற்கு உரியவர். இம்மூன்றும் பதிப்புரிமைக்கு உட்பட்டவை. பாடகருக்கும் இசைக்கருவி வாசிப்பவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்பது தனியே உண்டு.

வரிகளுக்கும் மெட்டுக்குமான பதிப்புரிமை படைத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். ஒலிப்பதிவுக்கு அது வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள். நிகழ்த்துநர் உரிமைக்கு 50 ஆண்டுகள். அதன்பின் அவை அனைவருக்கும் பொதுவாகின்றன.

படைப்பு பயன்படுத்தப்படும்போது உரியவருக்குச் சேரும் பங்கே உரிமத்தொகை. ‘ராயல்டி’ என மக்கள் வழக்கில் கூறப்படுவது இதுவே. கூலி, வேலை முடிந்த அன்றோடு முடிந்துவிடும். உரிமத்தொகையோ, தென்னையை நட்டவருக்கு ஆண்டுதோறும் காய் கிடைப்பது போலப் படைப்பு பயன்தரும் காலமெல்லாம் தொடரும்.

தெரிந்து தெளிவோம்
பதிப்புரிமையும் காப்புரிமையும் வேறுவேறு. கதை, கவிதை, இசை, ஓவியம் முதலிய படைப்புகளுக்கு உரியது பதிப்புரிமை. படைப்பு உருவானவுடனேயே அது தோன்றிவிடும், பதிவு செய்வது கட்டாயமன்று. புதிய கண்டுபிடிப்புகளுக்கு உரியது காப்புரிமை. அதனை விண்ணப்பித்தே பெறவேண்டும். அதன் காலம் 20 ஆண்டுகள்.

கூலியா, பங்கா?

திரையிசையில் இவ்வினா கூர்மையாக எழுந்தது. 1960களில் பாடகி லதா மங்கேஷ்கர், பாடகருக்கும் உரிமத்தொகையில் பங்கு வேண்டுமென வலியுறுத்தினார். பாடியதற்கு ஊதியம் பெற்றபின் மேலும் கேட்பது முறையன்று எனக் கருதினார் முகமது ரஃபி. இக்கருத்து வேறுபாட்டால் புகழ்பெற்ற அவ்விருவரும் சில ஆண்டுகள் இணைந்து பாடாதிருந்தனர்.

பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உரிய தொகையைத் திரட்டித் தருவதற்கென 1969இல் இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் தொடங்கப்பட்டது. சங்கம் கட்டணம் கேட்டபோது திரைப்படத் தயாரிப்பாளர்கள் அதனை எதிர்த்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஊதியம் கொடுத்துத் திரைப்படத்துக்காக இசையையும் பாடலையும் உருவாக்கச் செய்தவர் தயாரிப்பாளர் எனில், மாறான ஒப்பந்தம் இல்லாதபோது அவரே முதல் உரிமையாளர் என்று 1977இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே வழக்கில் நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர், பாடுபவரின் குரலுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லாத குறையைத் தனியே சுட்டிக்காட்டினார்.

தீர்ப்பின் விளைவு நெடுங்காலம் நீடித்தது. ஒரு பாடல் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நாற்பது ஆண்டுகள் ஒலித்தாலும், அதை எழுதியவருக்கு அன்று பெற்ற ஊதியமே இறுதி ஊதியமாயிற்று. நாடறிந்த பாடலுக்கு உரியவர் முதுமையில் மருத்துவச் செலவுக்குப் பிறரை நாடவேண்டிய நிலைக்கு இடமிருந்தது. நிகழ்த்துநருக்கான உரிமை 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமே சட்டத்தில் இடம்பெற்றது.

2012ஆம் ஆண்டுத் திருத்தம்

படைப்பாளிகளின் நெடுநாள் கோரிக்கை 2012இல் நிறைவேறியது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் அதற்காகக் குரல் கொடுத்தவர்களுள் முதன்மையானவர். அவ்வாண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் ஒரு புதிய கோட்பாட்டை நிலைநாட்டியது. திரைப்படத்துக்காக எழுதிய பாடலின் பதிப்புரிமையைப் படைப்பாளி பிறருக்கு மாற்றித் தரலாம். ஆனால் உரிமத்தொகை பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. அவரே கையொப்பமிட்டு விட்டுக்கொடுத்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது. திரையரங்கில் படத்தோடு சேர்ந்து ஒலிப்பதைத் தவிர, பாடல் வேறு எவ்வழியில் பயன்பட்டாலும் வரும் தொகையை உரிமை பெற்றவரும் படைப்பாளியும் சமமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

தன் கையொப்பத்தையே மறுக்கும் உரிமையைச் சட்டம் ஏன் வழங்கியது? வாய்ப்புத் தேடி வரும் இளங்கலைஞரும் வாய்ப்பளிக்கும் நிறுவனமும் ஒப்பந்த மேசையில் சமமானவர் அல்லர். நீட்டிய தாளில் ஒப்பமிடாவிட்டால் வாய்ப்பு வேறொருவருக்குப் போய்விடும் என்னும் அச்சத்தை அறிந்தே சட்டம் இவ்வேலியை அமைத்தது. பாடகர் முதலிய நிகழ்த்துநர்களும் தம் நிகழ்த்துகை வணிக நோக்கில் பயன்படும்போது உரிமத்தொகை பெற இத்திருத்தம் வழிசெய்தது. அதனைத் திரட்டும் பணிக்கெனப் பாடகர்களுக்கான உரிமைச் சங்கமும் உருவாயிற்று.

பணம் வந்துசேரும் வழி

ஒவ்வொரு வானொலி நிலையத்தையும் உணவு விடுதியையும் பாடலாசிரியர் நேரில் சென்று கேட்டல் இயலாது. எனவே, உறுப்பினர் சார்பில் சங்கம் உரிமம் வழங்கிக் கட்டணம் பெறுகிறது. எந்தப் பாடல் எத்தனை முறை ஒலித்தது என்னும் பட்டியலை அடிப்படையாகக் கொண்டு தொகையைப் பகிர்ந்தளிக்கிறது.

இணையவழி இசைச் செயலிகள் பலவற்றின் கணக்கு வேறுவகையானது. சந்தாவாலும் விளம்பரத்தாலும் ஒரு மாதத்தில் வந்த வருவாயில் இசைக்குரிய பகுதியை ஒரே தொகுதியாகத் திரட்டுகின்றனர். அம்மாதத்தில் எல்லாப் பாடல்களும் சேர்ந்து 100 கோடி முறை கேட்கப்பட்டன எனவும், அவற்றுள் ஒரு பாடல் 1 இலட்சம் முறை கேட்கப்பட்டது எனவும் கொள்வோம். அப்பாடலுக்குச் சேர்வது தொகுதியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அப்பங்கும் ஒலிப்பதிவு நிறுவனம், பாடலாசிரியர், இசையமைப்பாளர் எனப் பிரிகிறது. இலட்சம் முறை கேட்கப்பட்டும் கலைஞரின் கைக்குச் சிறுதொகையே வருவது இதனால்தான்.

இங்கே பெயர்ப் பதிவு இன்றியமையாததாகிறது. ஒரே முதலடியில் பல பாடல்கள் உண்டு. ஒரே பெயரில் பலர் உண்டு. பாடல் விவரத்தில் எழுதியவர் பெயர் விடுபட்டாலோ பிழைபட்டாலோ, அவருக்குரிய பணம் உரியவரை அறியாமல் தேங்கிவிடும். இக்குழப்பத்தைத் தவிர்க்கவே ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் 12 குறியீடுகள் கொண்ட பன்னாட்டு அடையாள எண் வழங்கும் முறை உள்ளது.

தெரிந்து தெளிவோம்
பள்ளி விழாவில் ஆசிரியரும் மாணவரும் பாடலாம்; கேட்போர் ஆசிரியர், மாணவர், பெற்றோர் முதலியோர் மட்டும் எனில் அது பதிப்புரிமை மீறல் ஆகாது. சமயச் சடங்குகளில் பாடலை ஒலிக்கச் செய்வதற்கும் சட்டத்தில் விலக்கு உண்டு. திருமண ஊர்வலமும் திருமணத்தோடு தொடர்புடைய விழாக்களும் அவ்விலக்கில் அடங்கும்.

இன்னும் எட்டாதவர்

சட்டம் வந்தபின்னும் பயன் அனைவரையும் எட்டிவிடவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் வயலினும் தவிலும் வாசிப்போர் பெரும்பாலும் அன்றன்றைய ஊதியத்தோடு வீடு திரும்புகின்றனர். நாட்டுப்புறப் பாடல்களின் நிலை இன்னும் சிக்கலானது. தாலாட்டும் ஒப்பாரியும் ஏற்றப்பாட்டும் தனி ஒருவர் பெயரில் இல்லை. தலைமுறைகளின் நாவில் வளர்ந்தவை. பெயர் அறியப்படாத அப்பாடலைப் பதிவு செய்யும் நிறுவனத்துக்கு ஒலிப்பதிவின் உரிமை கிடைக்கிறது. அதைக் காத்துவந்த ஊருக்கு எதுவும் கிடைப்பதில்லை. பாட்டியிடம் கேட்டுப் பாடியவர், அப்பாட்டு எந்த ஊரில் யாரிடம் கற்றது எனக் குறிப்பிடுவது குறைந்த அளவு நேர்மையாகும்.

இன்று ஒரு கைப்பேசியே ஒலிப்பதிவுக் கூடமாகிவிட்டது. பதினாறு வயதில் பாட்டெழுதி, மெட்டமைத்து, பாடி வெளியிடுவோர் பலர். அவர்கள் முன் ஒப்பந்தம் ஒருநாள் வந்து நிற்கும். அதில் எழுதப்பட்டிருப்பது கூலியா, பங்கா? மாற்றித் தருவது எந்த உரிமை? எத்தனை ஆண்டுகளுக்கு? தம் பெயர் பிழையின்றிப் பதிவாகியுள்ளதா? இவ்வினாக்களுக்கு விடை கண்டபின் ஒப்பமிடுவதே அறிவுடைமை. பாட்டைப் போற்றுவது கேட்போரின் பண்பு. பாடியவரும் எழுதியவரும் வாழ வழிசெய்வது அப்பாட்டுக்குச் சமூகம் செலுத்தும் கடன்.