நோயின் பெயரால் வந்த நல்கை: இந்தியாவில் பாலியல் சிறுபான்மையினர் அமைப்புகளும் அவற்றின் நிதியாதாரமும்

முன்னுரை

ஒரு சமூக அமைப்பின் வரலாற்றை அறிய அதன் அறிக்கைகளைப் படிப்பது ஒரு வழி. அதற்கு நிதி எங்கிருந்து வந்தது, எதன்பொருட்டு வந்தது என நோக்குவது மற்றொரு வழி. இந்தியாவில் தன்பாலீர்ப்பாளர், திருநங்கையர் முதலான பாலியல் சிறுபான்மையினருக்காக இயங்கும் அமைப்புகளைப் பொறுத்தவரை, இரண்டாவது வழியே மிகுந்த விளக்கம் தருவது எனலாம். இவ்வமைப்புகளுள் பல, எச்.ஐ.வி. தடுப்புக்கென வழங்கப்பட்ட நல்கையால் வளர்ந்தவை. அந்நல்கை அவற்றுக்கு அலுவலகத்தையும் ஊழியரையும் அளித்தது. அதே வேளையில், யாருக்குப் பணியாற்றலாம், எதனைப் பணியாகக் கணக்கில் காட்டலாம் என்னும் எல்லையையும் வகுத்தது. இவ்விரு நிலைகளையும் தமிழ்நாட்டை முதன்மையாகக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நல்கையின் தொடக்கம்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986ஆம் ஆண்டில் சென்னையில் கண்டறியப்பட்டது. மருத்துவர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் அதனை வெளிப்படுத்தினர். 1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டு, உலக வங்கியின் 8.4 கோடி டாலர் கடனுதவியுடன் முதற்கட்டத் தேசியத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டு அரசு 1994இல் தனது எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தை அமைத்தது. 1995 முதல் அமெரிக்க அரசின் பன்னாட்டு வளர்ச்சி முகமை அளித்த நிதியும் தமிழ்நாட்டுத் தொண்டு நிறுவனங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

அக்காலத்தில் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 377ஆம் பிரிவின்கீழ் தன்பால் உறவு குற்றமாக இருந்தது. குற்றவாளியாகக் கருதத்தக்கவர் எனச் சட்டம் சுட்டிய ஒருவரின் உரிமைக்காக அரசு நிதி கேட்பது இயலாத செயல். ஆனால் அவரை நோயிலிருந்து காப்பதற்கு நிதி கேட்க இயன்றது. மும்பையில் 1994இல் ஹம்சஃபர் அறக்கட்டளையும் சென்னையில் 1998இல் சகோதரன் அமைப்பும் தோன்றிய சூழல் இதுவே. 2003இல் பில் கேட்ஸ் குடும்பத்தின் அறக்கட்டளை, தொடக்கத்தில் 20 கோடி டாலரை ஒதுக்கி, தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் ‘அவாஹன்’ என்னும் திட்டத்தை மேற்கொண்டது. இதனால் சிற்றூர்களிலும் இத்தகைய அமைப்புகளுக்கு நிதி கிடைத்தது.

சட்டத்துக்கும் சுகாதாரத்துக்கும் இடையில்

அரசின் ஒரு கை நல்கை தந்தபொழுது மற்றொரு கை தண்டித்தது என்பதற்கு 2001ஆம் ஆண்டு லக்னோ நிகழ்வு சான்றாகும். எச்.ஐ.வி. தடுப்புப் பணியில் ஈடுபட்டிருந்த இரு அமைப்புகளின் அலுவலகங்களில் காவல்துறையினர் சோதனை நடத்திப் பணியாளர் நால்வரைக் கைது செய்தனர். அவர்கள் ஏறத்தாழ ஏழு வாரங்கள் சிறையில் இருந்தனர். நோய்த்தடுப்புக்கான அறிவுரை ஏடுகளும் ஆணுறைகளுமே அவர்களுக்கு எதிரான சான்றுகளாயின.

அவ்வாண்டின் இறுதியில், எய்ட்ஸ் பணியாற்றிவந்த நாஸ் அறக்கட்டளை 377ஆம் பிரிவை எதிர்த்துத் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கில் உள்துறை அமைச்சகம் சட்டப்பிரிவை ஆதரித்தது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமோ, அப்பிரிவு மக்களை மறைந்து வாழச் செய்து தடுப்புப் பணிக்கு இடையூறாகிறது என 2006இல் உறுதிமொழி ஆவணம் அளித்தது. ஒரே அரசின் இரு துறைகள் ஒரே நீதிமன்றத்தில் மாறுபட்டு நின்றமை நோக்கத்தக்கது. 2009இல் அப்பிரிவின் வீச்சு குறைக்கப்பட்டது. 2013இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2018 செப்டம்பர் 6ஆம் நாள், வயதுவந்தோர் இசைவுடன் கொள்ளும் உறவு குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது.

கணக்கில் வந்தோரும் வாராதோரும்

தடுப்புத் திட்டத்தின் நல்கை எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டது. ஓர் அமைப்பு தன் பகுதியில் எத்தனை பேரைப் பதிவு செய்துள்ளது, அவர்களுள் எத்தனை பேருக்கு ஆணுறை வழங்கப்பட்டது, எத்தனை பேர் குருதிச் சோதனைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர் என்பனவே அதன் அளவுகோல்கள். அச்சமூகத்தைச் சேர்ந்தோரே களப்பணியாளராக அமர்த்தப்பட்டனர். வேறெங்கும் வேலை கிடைக்காத பலருக்கு இஃது ஊதியத்தையும் மதிப்பையும் அளித்தது என்பதை மறுத்தற்கில்லை. தமிழ்நாட்டில் 2008 ஏப்ரலில் அமைந்த அரவாணிகள் நல வாரியம் இந்தியாவிலேயே முதலாவது ஆகும். அதற்காகக் குரல் கொடுத்தோருள், எய்ட்ஸ் தடுப்புப் பணியில் பட்டறிவு பெற்றோரும் இருந்தனர்.

எனினும் நல்கைப் படிவத்தின் சொற்கள் மக்களின் சொற்களாக இல்லை. ‘ஆண்களுடன் பாலுறவு கொள்ளும் ஆண்கள்’ என்பது நோய்ப்பரவலியல் வகுத்த தொடர். அது செயலைக் குறிக்கிறதே அன்றி ஆளைக் குறிப்பதில்லை. தம்மைப் பெண்ணாக உணர்ந்த திருநங்கையரும் தொடக்கக் கட்டங்களில் அத்தொடரின்கீழேயே எண்ணப்பட்டனர். பின்னரே அவர்களுக்குத் தனி வகை ஏற்பட்டது. பெண்களை விரும்பும் பெண்களும் திருநம்பியரும் பட்டியலிலேயே இடம்பெறவில்லை. அவர்களிடையே எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு குறைவு எனக் கருதப்பட்டமையே காரணம். வீட்டில் அடைத்துவைக்கப்பட்ட ஒரு பெண்ணை மீட்பது, வற்புறுத்தித் திருமணம் செய்விக்கப்படும் ஒருவருக்கு அடைக்கலம் தருவது, தற்கொலை எண்ணத்தில் உள்ளவருடன் இரவெல்லாம் உடனிருப்பது ஆகியவற்றுக்குத் தடுப்புத் திட்டப் படிவத்தில் கட்டம் இல்லை. அவற்றையும் இவ்வமைப்புகள் செய்தன. ஆனால் கணக்கில் காட்டாமல் செய்தன.

இக்குறையை ஓரளவு உணர்ந்து அமைந்தது, உலகளாவிய நிதியத்தின் உதவியால் 2010 முதல் 2015 வரை நடைபெற்ற ‘பெஹ்சான்’ திட்டம். ஏறத்தாழ 200 சமூக அமைப்புகளை வலுப்படுத்த முனைந்த அத்திட்டம், நோய்த்தடுப்புடன் மனநலம், சட்ட உதவி, குடும்ப ஆதரவு ஆகியவற்றுக்கும் இடமளித்தது. அதன் காலம் முடிந்ததும் அப்பணிகளுக்கான ஊதியமும் முடிந்தது.

நல்கை சுருங்கிய காலம்

அவாஹன் திட்டத்தின் பணிகள் 2009 முதல் 2013 வரை படிப்படியாக அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. 2020இல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி, வெளிநாட்டு நிதி பெறும் ஓர் அமைப்பு அதனை மற்றோர் அமைப்புக்குப் பகிர்ந்தளித்தல் ஆகாது. நிருவாகச் செலவின் உச்ச வரம்பும் நிதியின் பாதியிலிருந்து ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. வெளிநாட்டு நிதியை நேரடியாகப் பெறும் பதிவு இல்லாத சிற்றமைப்புகள் பெரிய அமைப்புகளின் வழியாகவே அதனைப் பெற்றுவந்தமையால், இத்திருத்தம் அவற்றை மிகவும் பாதித்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபொழுது, அவ்வுதவியால் ஐதராபாத்து, கல்யாண், புனே ஆகிய இடங்களில் திருநருக்கென நடைபெற்றுவந்த மித்ர் மருத்துவ மையங்கள் மூடப்பட்டன. ஐதராபாத்து மையம் பின்னர் டாட்டா அறக்கட்டளைகளின் உதவியுடன் வேறு பெயரில் மீண்டும் தொடங்கியது.

எனினும் எச்.ஐ.வி. தடுப்புப் பணி நின்றுவிடவில்லை. 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாம் கட்டத் தேசியத் திட்டத்துக்கு இந்திய அரசு 15,471.94 கோடி ரூபாயைத் தன் நிதியிலிருந்தே ஒதுக்கியது. ஆகவே சோதனையும் மருந்தும் உள்நாட்டு நிதியால் காக்கப்பட்டன. அவற்றுக்கு அப்பாற்பட்ட அடைக்கலம், ஆற்றுப்படுத்தல், சட்ட உதவி ஆகியனவே ஆதரவின்றி நின்றன. திருநருக்கான உறைவிடங்களையும் உள்ளடக்கி 2022இல் தொடங்கப்பட்ட ‘ஸ்மைல்’ என்னும் அரசுத் திட்டம், நோயைச் சாராத உதவி என்ற வகையில் வரவேற்கத்தக்கது. ஆயினும் தன்பாலீர்ப்பாளர் அதன் வரம்புக்குள் வருவதில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் இரண்டு உண்மைகள் புலனாகின்றன. நோயின் பெயரால் வந்த நல்கை இல்லையேல், இவ்வமைப்புகளுள் பல தோன்றியிரா. அதே நல்கை, அம்மக்களை நோய் பரப்பக்கூடியவர் என்ற அளவிலேயே கண்டது. அதனால் அவ்வாறு கருதப்படாதோர் அதன் கண்ணில் படவே இல்லை. ஒருவருக்கு உதவி கிடைப்பதும் கிடைக்காததும், அவரைக் குறிக்கும் சொல் படிவத்தில் உள்ளதா என்பதைப் பொறுத்தே அமைந்துள்ளது.

இவ்விடத்தில் தமிழாசிரியர்க்கும் ஆய்வாளர்க்கும் ஒரு பணி உண்டு. அரவாணி என்ற சொல் வழங்கிய இடத்தில் திருநங்கை என்ற சொல் நிலைபெற்றதையும், சென்னை உயர் நீதிமன்றத்தின் அறிவுறுத்தலையொட்டித் தமிழ்நாடு அரசு 2022இல் இச்சமூகத்தினரைக் குறிக்கும் சொற்றொகுப்பை அரசிதழில் வெளியிட்டதையும் நாம் அறிவோம். இவற்றை மொழிவளர்ச்சியாக மட்டும் கொள்ளுதல் போதாது. இச்சொற்கள் நல்கைப் படிவங்களிலும் அரசாணைகளிலும் பாடநூல்களிலும் இடம்பெறும்பொழுதே, இதுகாறும் கணக்கில் வாராதிருந்தோர் கணக்கில் வருவர்.