பரு, கறை, தழும்பு: பெயர் தெளிந்தால் வழி தெளியும்

முகப்பரு ஆறியபின் எஞ்சுவன அனைத்தையும் 'வடு' என்றே நாம் வழங்கி வருகிறோம். அவ்வொரு சொல்லுக்குள் மூன்று வேறு நிலைகள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தறியாமையால் மாணவர் பலர் பொருந்தாத களிம்புகளில் பணத்தையும் காலத்தையும் இழக்கின்றனர்.

'பரு' என்னும் பெயர் பருத்தல் என்னும் வினையோடு உறவுடையது. தோலின் எண்ணெய்ச் சுரப்பும் உதிர்ந்த தோலணுக்களும் மயிர்த்துளையை அடைக்கின்றன. அங்கு நுண்ணுயிர் பெருகி அழற்சி தோன்ற, அவ்விடம் பருக்கிறது. அது அடங்கியபின் எஞ்சுவன மூன்று.

முதலாவது கறை. விரலால் தடவினால் தோல் சமமாகவே இருக்கும். நிறம் மட்டும் கறுத்தோ சிவந்தோ காணப்படும். இது தழும்பன்று. பெரும்பாலும் சில மாதங்களில் மங்கும். வெயில் கருமையை மிகுவிக்கும் ஆதலின் வெயில்காப்புக் களிம்பு இன்றியமையாதது. அசெலாயிக் அமிலம் போன்ற பூச்சுகளும் உதவும்.

இரண்டாவது குழித்தழும்பு. அழற்சியால் தோலின் கொலாஜன் நார்கள் அழிந்து பள்ளம் விழுகிறது. கடைக் களிம்புகள் இப்பள்ளத்தை நிரப்பா. நுண்ணூசிச் சிகிச்சை, லேசர், அடியிலிருந்து தோலை இழுக்கும் நார்களை அறுத்துவிடுதல் ஆகியவற்றுள் ஏற்றதைத் தோல் மருத்துவர் தெரிவு செய்வார். பல அமர்வுகள் தேவைப்படலாம். பள்ளம் குறையுமேயன்றி முற்றும் மறைவது அரிது. நம்மவர் போன்ற மாநிறத்தோலில் லேசர் புதிய கருமையை உண்டாக்கக்கூடும் ஆதலின் பட்டறிவுடைய மருத்துவரையே நாட வேண்டும்.

மூன்றாவது மேட்டுத்தழும்பு. இங்குக் கொலாஜன் அளவுக்கு மீறி வளர்கிறது. புண்ணின் எல்லையைக் கடந்தும் பரவுவதைக் கெலாய்டு என்பர். தாடை, மார்பு, தோள் ஆகிய இடங்களில் இது மிகுதி. ஸ்டீராய்டு ஊசியும் சிலிகோன் பூச்சும் இதற்குப் பயன்படுகின்றன. வெறுமனே வெட்டி நீக்கினால் மீண்டும் வளரலாம்.

சிகிச்சையினும் காப்பு எளிது. பருவைக் கிள்ளாதிருத்தலும், வலியுடன் கட்டிபோல் வீங்கும் பருவுக்குக் காலந்தாழ்த்தாது மருத்துவம் பெறுதலும் தழும்பைக் குறைக்கும். விரைவில் வெண்மை தருவதாகக் கூறி விற்கப்படும் பதிவு பெறாத களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருத்தல் கண்டறியப்பட்டுள்ளது, அவற்றை விலக்குக.

இனி, ஆசிரியர்களுக்கு ஒரு சொல். 'வடு' என்பதற்குத் தழும்பு என்னும் பொருளோடு குற்றம், பழி என்னும் பொருள்களும் அகராதிகளில் உண்டு. மொழியில் ஒன்றிய அப்பொருள்களை மாணவர் முகத்தின்மேல் நாம் ஏற்றலாகாது. பரு அழுக்கினால் வருவதன்று. மிகையாகத் தேய்த்துக் கழுவினால் தோல் மேலும் எரிச்சலுறும். "முகத்தைக் கழுவுவதில்லையா?" என்று வகுப்பில் கேட்கப்படும் கேள்வி, செய்யாத குற்றத்தை ஒரு பிள்ளையின்மேல் சுமத்துகிறது. அதற்கு மாறாக, கறையா, குழியா, மேடா என்று கண்டு உரிய மருத்துவரிடம் செல்ல வழிகாட்டுவோமாயின், அச்சொற்களை நாம் கற்றதன் பயன் நிறைவேறும்.