ஷார்டனேயின் ஏழைத் தம்பி (மேசையும் கோப்பையும் – 9)

போன வாரம் பார்த்த பர்கண்டி ஷார்டனேயின் விலை, முதல் வாய் குடிப்பதற்குள்ளேயே போதையைத் தெளிய வைத்துவிடும். அதனுடன் பிறந்த திராட்சை ஒன்று பிரான்ஸின் மேற்கே, லுவார் ஆறு அட்லாண்டிக்கை நெருங்கும் நாந்த் நகரைச் சுற்றி விளைகிறது. பெயர் மெலோன் த பூர்கோஞ். இரண்டுக்கும் தாய் தகப்பன் ஒன்றே என்று 1999-இல் மரபணு ஆய்வு காட்டியது. அண்ணனின் உசத்தியான பாட்டில்கள் நூற்றுக்கணக்கான யூரோவுக்குப் போகின்றன. தம்பியைப் பிழிந்து செய்யும் மஸ்கடே ஒயின், அந்த ஊர்க் கடைகளில் பத்து யூரோவுக்குள் தாராளமாகக் கிடைக்கிறது.

ஐரோப்பாவையே உறைய வைத்த 1709-ஆம் வருடக் குளிரில் நாந்த் பக்கத்துக் கொடிகள் பட்டுப்போயின. குளிர் தாங்கும் என்று அதன் பிறகு மெலோனைப் பரவலாக நட்டார்கள். வெள்ளை ஒயினை வாங்கிக் காய்ச்சி பிராந்தியாக்க டச்சு வியாபாரிகள் தயாராக இருந்தார்கள். காய்ச்சப்போகிற சரக்குக்கு வாசனை எதற்கு?

வாசனை அதிகம் இல்லாத அந்தக் குணம் இன்னும் போகவில்லை. கோப்பையில் மூக்கை விட்டால் லேசாக எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், அவ்வளவுதான். இந்தக் குறையை ஈடுகட்ட ஊர்க்காரர்கள் பிடித்த வழி, ஒயினை வண்டலோடு விட்டுவைப்பது. நொதித்து முடிந்ததும் செத்த ஈஸ்ட் அடியில் படியும். மற்ற இடங்களில் பெரும்பாலும் தெளிவை இறுத்து வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவார்கள். இங்கே குளிர்காலம் முழுக்க அசையாமல் கிடக்கும். அடுத்த மார்ச்சுக்கு முன்னால் பாட்டிலில் அடைக்கக் கூடாது என்பது விதி. வண்டலால் ஒயினுக்குக் கொஞ்சம் சதைப்பற்று வரும், பிசைந்த ரொட்டி மாவின் மணமும் ஒட்டும். நொதித்தபோது உண்டான வாயு மிச்சமிருந்து நாக்கு நுனியில் மெல்லக் குறுகுறுக்கும். லேபிளில் ‘சுர் லி’ என்று போட்டிருந்தால் இப்படிச் செய்தது. அது இல்லாத மஸ்கடேயை நான் வாங்குவதில்லை.

தனியாகக் குடித்தால் இது கொஞ்சம் ஏமாற்றும். ஒரு பச்சைச் சிப்பியைத் திறந்து, அதன் உப்புத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். எலுமிச்சை பிழிய வேண்டிய அவசியமே இல்லை. அந்த வேலையை ஒயினின் புளிப்பு பார்த்துக்கொள்ளும். ஆல்கஹால் பெரும்பாலும் 12 சதவீதத்தை ஒட்டியே இருப்பதால் தொண்டையில் சூடு ஏறாது. ஓக் பீப்பாயில் கிடந்த, வெண்ணெய் மணம் ஏறிய அண்ணன் ஷார்டனேயை இங்கே வைத்தால் சிப்பி தகரம்போலக் கசக்கும் என்பது என் நாக்கின் தீர்ப்பு.

வெண்ணெயை ஒயினில் தேடாமல் சட்டியில் சேர்த்துக்கொள்வது நாந்த் வழக்கம். சின்ன வெங்காயத்தைப் பொடியாக அரிந்து மஸ்கடேயும் வினிகரும் ஊற்றிச் சுண்ட வைப்பார்கள். பிறகு அடுப்பைத் தணித்து, குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு அடித்துக்கொண்டே இருப்பார்கள். கொதித்துவிட்டால் திரிந்துவிடும். ‘பேர் பிளாங்’ எனப்படும் இந்தக் குழம்பை வேகவைத்த ஆற்று மீன்மேல் ஊற்றிச் சாப்பிடுவார்கள். அத்தனை வெண்ணெயின் பிசுக்கையும் ஒரே வாயில் அலசிவிடுகிறது ஒயின். வறுத்த மீன், ஆட்டுப்பால் சீஸ் இவற்றுக்கும் இதே கணக்குதான். இனிப்புத் தூக்கலான எதனோடும் வைக்காதீர்கள். ஒயின் வெறும் புளித்தண்ணீராகிவிடும்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் இருக்கிற கொஞ்ச மணமும் அடங்கிப்போகும். கால் மணி நேரம் வெளியே வைத்து, பத்து டிகிரிக்கு வந்ததும் ஊற்றலாம். காசு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்பவர்கள் லேபிளில் கிளிசோன், கோர்ஜ் என்ற ஊர்ப்பெயர்களைத் தேடலாம். இரண்டு வருடமாவது வண்டலில் கிடந்தவை இவை. சிப்பியைவிடக் கனமான மீனுக்கும் கோழிக்கும் ஈடுகொடுக்கும். அப்போதும் அண்ணன் விலையில் ஒரு துளிதான்.