விதைப் பணமும் வியாதிச் செலவும்

ஓட்டப்பிடாரம் வட்டாரத்துக் கரிசல் நிலத்தில் பணம் ஆண்டுக்கு ஒரு முறைதான் வருகிறது. நோய்க்கோ அத்தகைய பருவக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. புரட்டாசியில் விதைத்த உளுந்தும் பாசியும் தையில் களத்துக்கு வரும். மிளகாயும் பருத்தியும் பங்குனி, சித்திரை வரையில் கை கொடுக்கும். ஆடி, ஆவணி மாதங்களில் நம் அங்கத்தினர் பலருடைய இல்லங்களில் எஞ்சியிருப்பது அடுத்த விதைப்புக்கென ஒதுக்கி வைத்த தொகை ஒன்றே. அந்த ஆவணியில் குடும்பத் தலைவருக்கு மாரடைப்போ, சிறுநீரகக் கோளாறோ, புற்றுநோயோ கண்டால் விளைவது யாது? விதைப் பணம் மருத்துவமனைக்குப் போகிறது. வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது நிலம் தரிசாய்க் கிடக்கிறது. ஒரு நோய் இரண்டு ஆண்டு வருமானத்தைக் கொண்டு போய்விடுகிறது. வியாதிச் செலவுக்குக் கணக்கு எழுதும்போது இந்த இரண்டாம் ஆண்டின் நஷ்டத்தை எழுதுவார் மிகச் சிலரே.

நெசவாளர் நிலை வேறு. எட்டயபுரம் போன்ற ஊர்களில் தறியை நம்பியிருப்போருக்குப் பாவு முடிய முடியக் கூலி வருகிறது. ஆயினும் நெய்பவர் படுத்தால் தறி நின்றுவிடும். அவருக்குத் துணையாக மருத்துவமனையில் இருப்பவர் பெரும்பாலும் வீட்டில் தார் சுற்றித் தருபவராதலால் அவருடைய உழைப்பும் நின்றுவிடும். கூட்டுறவு நெசவாளருக்கான சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் கூலி ரூபாய் ஒன்றுக்கு நெசவாளர் 8 காசும் அரசு 4 காசும் செலுத்துவதை அங்கத்தினர் அறிவர். அது முதுமைக்கென வைத்த பணம். வியாதிக்கு அதில் கை வைப்பது கடைசி வழியாக இருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

“சிகிச்சைக்குத்தான் அரசுக் காப்பீடு இருக்கிறதே” என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். உண்மைதான். 2009-இல் தொடங்கிய மாநிலக் காப்பீடு 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்னும் பெயரில் நடந்து, 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற அது வழி செய்தது. 72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பு 2022-இல் 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. பெரிய அறுவைச் சிகிச்சைக்காக நிலத்தை விற்ற காலத்தை நினைத்துப் பார்ப்போருக்கு இதன் அருமை விளங்கும்.

ஆனால் காப்பீடு தாங்குவது பட்டியலிலுள்ள சிகிச்சையின் செலவை. நோயாளியின் குடும்பத்தை அன்று. நோய் இன்னதென்று தெரியுமுன் அலையும் அலைச்சல், தூத்துக்குடிக்கும் கோவில்பட்டிக்கும் பாளையங்கோட்டைக்குமாகப் பிரயாணச் செலவு, துணையிருப்பவரின் சாப்பாடு, இருவர் இழந்த கூலி, வீடு திரும்பிய பின் மாதக் கணக்கில் வாங்கும் மருந்து — இவற்றுக்கான பணமே கந்துவட்டிக்காரரின் வாசலுக்கு நம்மை அனுப்புகிறது. அதீத வட்டியைத் தடுக்க 2003-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. எனினும் நள்ளிரவில் ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கையில் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவார் எவருமில்லை.

இவ்விடத்தில் கர்நாடகக் கூட்டுறவாளர் செய்ததைச் சொல்ல வேண்டும். 2003-இல் நடைமுறைக்கு வந்த யசஸ்வினி திட்டத்தில், கூட்டுறவுச் சங்க அங்கத்தினரான விவசாயி ஒருவர் ஆண்டுக்கு 60 ரூபாய், அதாவது மாதம் 5 ரூபாய், செலுத்தினார். முதலாண்டிலேயே ஏறத்தாழ 16 லட்சம் பேர் சேர்ந்தனர். பணம் திரட்டப் புதிய அலுவலகம் வேண்டியிருக்கவில்லை. சங்கப் பேரேடு முன்னமே இருந்தது. பின்னர் 2005-இல் சந்தா 120 ரூபாய் ஆனபோது சேர்ந்தோர் தொகை குறைந்தது. நோய் வராத ஆண்டில் கட்டிய பணம் வீண் என்று எண்ணுவது மனித இயல்பு போலும். 2018-இல் வேறு திட்டத்தோடு இணைக்கப்பட்ட யசஸ்வினி, 2022-இல் மீண்டும் உயிர் பெற்றது. பங்கு 25 ரூபாய் வீதம் பலரிடம் முதல் திரட்டி 1906-இல் கப்பல் கம்பெனி கண்ட வ.உ.சி. பிறந்த ஊராருக்குக் கூட்டு முதலின் வலிமையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அறுவைச் சிகிச்சைக்கு அரசுக் காப்பீடு இருக்கையில் நாம் சேர்க்க வேண்டியது எஞ்சிய செலவுக்குத்தான். ஒரு விதைப்புச் செலவும் இரண்டு மாதக் குடும்பச் செலவும் சேர்ந்த தொகையை அளவாகக் கொள்ளலாம். ஒரே ஆண்டில் அது முடியாது. மூன்று மகசூலில் முடியும். தையில் உளுந்து விற்ற அன்றே, வீட்டுக்குப் பணம் போகுமுன், மூட்டைக்கு இவ்வளவு என்று பிடித்துத் தனிக் கணக்கில் போடுமாறு சங்கச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிடுவதே நலம். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியில் போட்டால் 2020 முதல் 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடும் உண்டு. பதிவு பெறாத சீட்டில் இப்பணத்தைப் போடலாகாது. அதற்குமேல் தேவைப்பட்டால் நகையைச் சங்கத்தில் அடகு வைக்கலாம். அவசரத்தில் விற்றால் திரும்பாது. நகையை ஆபத்துக் கால முதலாகக் கண்டவர்கள் நம் பெண்மக்களே. அவர்களைக் கேளாமல் அதைத் தொடுவதும் முறையன்று.

காகித விஷயத்தில் நம்மவர் காட்டும் அசட்டை பெரிது. வருமானச் சான்றை நோயாளி படுக்கையில் கிடக்கும்போது தேடி ஓடுகிறார்கள். குடும்ப அட்டையில் மருமகள் பெயரோ பேரன் பெயரோ சேராமலிருப்பது அப்போதுதான் தெரிய வருகிறது. அட்டையில் பெயர் இல்லாதவருக்குக் காப்பீடு கிடைப்பது கடினம். காப்பீட்டு அட்டை, ஆதார், குடும்ப அட்டை, பழைய மருத்துவச் சீட்டுகள் யாவும் ஒரே தகரப் பெட்டியில் இருக்கட்டும். பெட்டி எங்கே என்பது வீட்டில் இருவருக்கேனும் தெரிந்திருக்கட்டும். தனியார் மருத்துவமனையில் முன்பணம் கேட்டால், பணம் கட்டுமுன் அங்குள்ள காப்பீட்டுப் பிரிவை விசாரித்துவிட வேண்டும். கட்டிய பின் திரும்பப் பெறுவது பெரும்பாடு.

சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீடு தேடி மருந்து கொண்டு வந்தது. 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட 1,000 முதல்வர் மருந்தகங்களில் ஏறத்தாழப் பாதி கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துபவை. நீண்ட நாள் மருந்து உண்போர், மருத்துவர் எழுதிய சீட்டோடு சென்று, அதே மருந்து அங்கே என்ன விலை என்று ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம்.