நெய்ப்பந்தம் யார் கையில்?

‘நெய்ப்பந்தம் பிடிக்க நாலு பேரன் இருக்கான், எனக்கென்ன குறை?’ மதுரை, தேனி, நெல்லைப் பக்கத்துத் திண்ணைகளில் இந்தப் பேச்சு காதில் விழாமல் வளர்ந்தவர்கள் குறைவு. கொள்ளி வைக்க மகன் வேண்டும் என்பது கடமைக் கணக்கு. பந்தம் பிடிக்கப் பேரன் வேண்டும் என்பது ஆசைக் கணக்கு.

பேரன் பேத்தி எடுத்து, நிறைவாக வாழ்ந்து, பாயில் அதிகம் கிடக்காமல் போய்ச்சேர்ந்தால் அது ‘கல்யாணச் சாவு’. வாசலில் பந்தல், தப்பு மேளம், வெடி, பூச்சுற்றிய தேர்ப்பாடை. உள்ளே ஆளாளுக்கு ஒரு வேலை. மகன்மார் நீர்மாலைக்குப் போகிறார்கள். நாலு முனையிலும் வேட்டியைத் தூக்கிப் பிடிக்க, அதன் கீழே குடத்தோடு நடந்து, கிணற்றிலோ இப்போதெல்லாம் தெருக்குழாயிலோ நீர் பிடித்து, சங்கு முழங்க வீடு திரும்புவார்கள். அந்தத் தண்ணீரில்தான் குளிப்பாட்டுவது. சம்பந்திகள் கோடித்துணி கொண்டுவர வேண்டும். யார் கோடி முதலில் போடுவது, யார் வேட்டி மட்டம் என்று முணுமுணுப்பு கிளம்பும். விக்ரம் சுகுமாரனின் ‘மதயானைக் கூட்டம்’ (2013) படம் பார்த்தவர்களுக்கு இந்தச் செய்முறை எவ்வளவு பெரிய சமாச்சாரம் என்று சொல்ல வேண்டியதில்லை. கிழவிகள் ஒப்பாரியை நடுவில் நிறுத்தி, ‘காப்பி குடிச்சியாடி?’ என்று கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். நெடுநேரம் அழப் பழகியவர்களின் பக்குவம் அது.

தூக்குவதற்கு முன்னால் பேரப்பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். குச்சி முனையில் துணி சுற்றி நெய்யில் தோய்த்த பந்தம், ஆளுக்கொன்று. கொளுத்திக் கையில் கொடுத்ததும் சிறுசுகள் விழிக்கிற விழியைப் பார்க்க வேண்டும். நெய் விரலில் வழியும், புகை கண்ணைக் கரிக்கும். மாமா ஒருவர் பின்னால் நின்று முழங்கையைத் தாங்கிக்கொள்வார். ‘தாத்தாவைச் சுத்தி வாடா.’ போன வாரம் பொரிகடலை வாங்கித் தந்தவரின் முகத்தைப் பக்கத்தில் நின்று அந்தப் பிள்ளை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொள்கிறது.

நகரத்தில் பல வீடுகளில், பயந்துவிடும் என்று பிள்ளைகளை அடுத்த ஃப்ளாட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ‘தாத்தா ஊருக்குப் போயிருக்கார்’ என்று சொன்னதைக் கேட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் தவிப்புக்கு யார் பதில் சொல்வது?

ஐஸ் பெட்டி வந்த பிறகு துபாய்ப் பேரனுக்காக ஒருநாள் காத்திருக்க முடிகிறது. லீவு கிடைக்காதவன் வீடியோ காலில் பார்க்கிறான். செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி தம்பி முறை பையன் ஒருவன் கூட்டத்துக்குள் நுழைந்து நுழைந்து காட்டுவான். ‘முகத்துக்குக் கிட்ட கொண்டு போடா’ என்று அங்கிருந்து குரல் கேட்கும்.

மேளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாவுக்கு முழங்கும் நெய்தற்பறை சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. பின்னாளில் பறையடிப்பதை ஒரு சாதியின் தலையில் கட்டாய ஊழியமாகக் கட்டிவிட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் பலர் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று உதறி, பறையை மேடைக்குக் கொண்டுபோனது நியாயம். தாத்தாவைத் தப்போடு அனுப்ப ஆசையென்றால், கூலி பேசி, நாற்காலி போட்டு, மரியாதையாகக் கூப்பிடட்டும்.

சரி, பேத்திகள்? பந்தம் பிடிக்கப் பல ஊர்களில் அவர்களுக்கும் இடமுண்டு. ஆனால் பாடை தெருமுனையைத் தாண்டியதும் பெண்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இத்தனைக்கும் கடைசிக் காலத்தில் மாத்திரை எடுத்துக் கொடுத்ததும், காது மந்தமானவரிடம் கத்திக் கத்திக் கதை பேசியதும் பல வீடுகளில் பேத்திதான். மின்மயானம் உள்ள ஊர்களில் இந்தக் கட்டு கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. மகள் கொள்ளி வைப்பதும் அங்கங்கே நடக்கிறது. கிராமத்துப் பெரியவர்களிடம் கேட்டால், ‘நம்மள்ல வழக்கம் இல்லையே தாயி’ என்கிறார்கள். ஐஸ் பெட்டி மட்டும் எந்தக் காலத்து வழக்கம் தாத்தா என்று திருப்பிக் கேட்கும் பேத்தி இப்போது ஊருக்கு ஒருத்தியாவது இருக்கிறாள்.