எண்ணூர் கழிமுகத்தைக் காணோம்! வரைபடத்தில் மாயமான 6,500 ஏக்கர்

எர்ணாவூர்,

திருட்டுப் போனது நகை அல்ல, பணமும் அல்ல. ஒரு கழிமுகம்!

எர்ணாவூரைத் தாண்டி எண்ணூர் பக்கம் போனால் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம் வரும். படகு போகிறது. வலை விழுகிறது. இறால் படுகிறது. ஆனால் அரசுத் தரப்பு வரைபடம் ஒன்றில் மட்டும் அந்தத் தண்ணீரையே காணோம்!

2017-ம் ஆண்டு இந்த விஷயம் வெளியாகி பரபரப்பை உண்டாக்கியது. அதுபற்றிய விவரம் வருமாறு:-

இரண்டு படம்

கடற்கரையைப் பாதுகாக்க மத்திய அரசு 1991-ம் ஆண்டு ஒழுங்குமுறை அறிவிக்கை வெளியிட்டது. அதன்படி 1996-ல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் சுமார் 6,500 ஏக்கர். கடுமையான பாதுகாப்பு உள்ள பகுதி.

தகவல் உரிமைச் சட்டப்படி சமூக ஆர்வலர்கள் கேட்டபோது இன்னொரு வரைபடமும் வெளியே வந்தது. அதில் கழிமுகம் மாயம்!

காகிதத்தில் ஆறு இல்லை என்றால் என்ன ஆகும்? மண்ணைக் கொட்டலாம். சுவர் எழுப்பலாம். தட்டிக்கேட்டால், "ஆறு எங்கே இருக்கு, காட்டுங்க" என்று படத்தை நீட்டலாம். தலைமுறை தலைமுறையாக வலை வீசியவரின் வாய்ப்பேச்சு அங்கே எடுபடாது.

ஒரு சென்டிமீட்டர் கணக்கு

வலை காயப்போடும் இடம் 40 மீட்டர் அகலம் என்று வையுங்கள். 25 ஆயிரத்துக்கு 1 என்ற அளவில் வரையும் பெரிய வரைபடத்தில் அது 2 மில்லிமீட்டர்கூட வராது. பேனா மை பட்டாலே மறைந்துவிடும். 4 ஆயிரத்துக்கு 1 என்ற ஊர் அளவு படத்தில் அதுவே ஒரு சென்டிமீட்டர். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும்.

மீன் காயவைக்கும் இடம், ஐஸ் பிளான்ட், பள்ளிக்கூடம், மருந்தகம், ரோடு எல்லாவற்றையும் ஊர் அளவு படத்தில் காட்டவேண்டும் என்று 2011-ம் ஆண்டு அறிவிக்கை சொன்னது. ஆனால் எது எங்கே என்று ஊர்க்காரர்களுக்குத்தானே தெரியும்?

கருவியோடு நடந்த மீனவர்

அந்த வேலையில் இறங்கியவர்களில் ஒருவர் பெசன்ட் நகர் ஊரூர் குப்பத்து மீனவர் கே.சரவணன். ஜி.பி.எஸ். கருவியோடு கடலோர ஊர்களுக்குப் போய், மீனவர்களின் பொது இடங்களை வரைபடத்தில் ஏற்றினார்.

வேலை கஷ்டம் இல்லை. முதலில் பெரியவர்களை உட்காரவைத்துத் தரையிலோ சார்ட் பேப்பரிலோ ஊரை வரையவேண்டும். பிறகு எல்லையோரம் நடந்து கருவியில் புள்ளி எடுக்கவேண்டும். அந்தப் புள்ளிகளை செயற்கைக்கோள் படத்தின்மேல் வைக்கவேண்டும். கடைசியில் ஊரைக் கூட்டிக் காட்டி, தப்பு இருந்தால் திருத்தவேண்டும்.

சுவரில் கறை

2023 டிசம்பர் புயல் மழையில், எண்ணெய் கலந்த வெள்ளம் எர்ணாவூர் வீடுகளுக்குள் புகுந்தது. சுவரில் கறுப்புக்கோடு விழுந்தது. வெள்ளையடித்தால் அந்தக் கோடு போய்விடும். எந்தத் தெருவில் எத்தனை அடி என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அளந்து வரைந்து வைத்தால் போகாது.

நாளைக்கு யாராவது வந்து "இங்கே வெள்ளமே வரல்லே, ஆறே இல்லே" என்று சொன்னால், எடுத்துக்காட்ட ஊர் கையில் ஒரு படம் வேண்டாமா?